கேள்வியும் சாட்சியும்: காசிமேட்டுக் கரையில் நேர்காணல் என்னும் ஆய்வுமுறை

ஆய்வுப் படிவங்களில் தவறாது இடம்பெறும் கேள்வி ஒன்றுண்டு: "தங்கள் மாத வருமானம் எவ்வளவு?" அரசு அலுவலரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ இதனைக் கேட்டால் ஓர் எண் விடையாகக் கிடைத்துவிடும். அதே கேள்வியைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில், விடியற்காலையில், விசைப்படகிலிருந்து இறங்கிவரும் ஒரு தொழிலாளியிடம் கேட்டால் என்ன நிகழும்?

அவர் கடலுக்குச் சென்று பல நாட்களாகியிருக்கும். பிடித்து வந்த மீன் ஏலம் போனபின், டீசல், ஐஸ், உணவுப்பொருள் ஆகியவற்றுக்கான செலவு கழிக்கப்படுகின்றது. எஞ்சும் தொகை படகின் உடைமையாளருக்கும் தொழிலாளருக்குமிடையே பங்காகப் பிரிகின்றது. பங்கின் விகிதம் எல்லாப் படகுகளிலும் ஒன்றல்ல. ஒருமுறை கை நிறையக் கிடைக்கும். மறுமுறை செலவுக்கே பற்றாமல் பாக்கி எழுதப்படும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இத்தகைய வாழ்வில் 'மாதம்' என்பது ஓர் அளவுகோலே அன்று. 'வருமானம்' என்பதும் தனித்து நிற்பதன்று, அது கடனோடு பின்னிக் கிடப்பது. ஆயினும் எதிரே ஒருவர் எழுதுகோலுடன் காத்து நிற்கின்றார். அவரை வெறுங்கையுடன் அனுப்ப மனமின்றித் தொழிலாளி ஓர் எண்ணைச் சொல்கின்றார். அந்த எண் அட்டவணையில் ஏறுகின்றது; அட்டவணை சராசரியாகின்றது; சராசரி நலத்திட்டத்துக்கோ இழப்பீட்டுக்கோ ஆதாரமாகின்றது. படிவம் நிறைந்துவிட்டது, செய்தியோ கிடைக்கவில்லை.

சமூக அறிவியல் ஆய்வுகளில் நேர்காணல் என்னும் முறை எங்கே பயன்படுகின்றது, எங்கே வழுக்குகின்றது என்பதை விளங்கிக்கொள்ள இவ்வொரு காட்சி போதுமானது. நம் கல்லூரிகளில் முதுகலை ஆய்வுகள் மேற்கொள்ளும் மாணவ மாணவியர் பெருகிவரும் காலம் இது. அவர்களுள் பலர் நேர்காணலை மிக எளிய கருவியாகக் கருதுகின்றனர். சோதனைக்கூடம் வேண்டாம், கணிதம் வேண்டாம், ஒரு நோட்டும் ஒலிப்பதிவுக் கருவியும் போதும் என்பது அவர்களின் எண்ணம். உண்மையில், கருவியே ஒரு மனிதராக இருப்பதால் இதுவே மிகவும் கடினமான முறை எனலாம்.

நேர்காணல் வகைகளைப் பாடநூல்கள் வரிசைப்படுத்திக் கூறும். கேள்விகளின் சொல்லும் வரிசையும் மாறாமல் அனைவரிடமும் ஒரேவிதமாகக் கேட்பது ஒரு வகை. கணக்கெடுப்புகள் இவ்வாறே நடைபெறுகின்றன. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2005, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நடத்திய கடல் மீனவர் கணக்கெடுப்பு இதற்கு எடுத்துக்காட்டு. பேச வேண்டிய பொருள்களை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு, உரையாடல் செல்லும் வழியே செல்வது மற்றொரு வகை. ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை அவர் வாய்மொழியாகவே பலநாள் அமர்ந்து கேட்பதும் உண்டு. ஒரு குழுவை அமர்த்தி அவர்கள் தமக்குள் விவாதிப்பதைப் பதிவு செய்வதும் உண்டு. இவற்றுள் எது உயர்ந்தது என்னும் வினா பயனற்றது. எத்தனை குடும்பங்களிடம் படகு உள்ளது என அறிய முதல் வகையே உதவும். படகை விற்றவர் ஏன் விற்றார் என அறிய அது உதவாது.

தமிழகத்தில் இம்முறையின் வரலாறு ஒரு நூற்றாண்டைத் தாண்டியது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையுடன் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். பட்டணவர் எனப்படும் கடற்கரை மக்களும் அவற்றில் இடம்பெற்றுள்ளனர். தகவலுக்குத் தர்ஸ்டன் பெரிதும் நம்பியது மாவட்ட அலுவலர்களையும் கற்ற நண்பர்களையும். அளவுக்கு நம்பியது மண்டையையும் மூக்கையும் அளக்கும் கருவிகளை. அக்கருவிகளைக் கண்டு மக்கள் அஞ்சி ஓடிய செய்தியை அவரே பதிவு செய்துள்ளார். அஞ்சி ஓடும் ஒருவரைப் பற்றி எழுதுவதற்கும் அவரோடு அமர்ந்து பேசி எழுதுவதற்கும் உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் பொருள் என்றும் சொல்லலாம்.

சில ஆண்டுகளுக்குப்பின், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களை வினாப்பட்டியலுடன் கிராமங்களுக்கு அனுப்பினார். அதன் விளைவாக 1918இல் வெளிவந்த தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூல், இருவேல்பட்டு, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, வடமலைபுரம் போன்ற ஊர்களை உலக ஆய்வாளர்களுக்கு அறிமுகப்படுத்தியது. அவ்வூர்கள் மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டு வந்துள்ளன. மாணவர்கள் தமக்குத் தெரிந்த ஊர்களுக்கே சென்றது பெரும் வசதி. ஆனால் அக்காலத்தில் கல்லூரி வரை வந்த இளைஞர் எந்த வீட்டுப் பிள்ளை, அவர் முன் நிற்கும் உழவுத்தொழிலாளி தம் கடனைப் பற்றியும் கூலியைப் பற்றியும் எவ்வளவு வாய் திறந்திருப்பார் என்னும் ஐயம் எழாமல் இல்லை.

கேட்பவர் யார் என்பது விடையை எந்த அளவுக்கு மாற்றும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று அமெரிக்காவிலிருந்து கிடைக்கின்றது. நியூயார்க்கில் வீடற்ற வறியவர்கள் ஏறத்தாழ 2,000 பேரைப் பன்னிரு நேர்காணலாளர்கள் தனித்தனியே சந்தித்த ஓர் ஆய்வின் பதிவுகளை ஸ்டூவர்ட் ரைஸ் என்னும் அறிஞர் பின்னாளில் ஒப்பிட்டுப் பார்த்தார். நேர்காணலாளர்களுள் ஒருவர் மதுவிலக்குப் பற்றாளர். மற்றொருவர் சமவுடைமைக் கொள்கையர். முன்னவரின் பதிவுகளில் வறுமைக்குக் காரணம் பெரும்பாலும் குடி. பின்னவரின் பதிவுகளில் காரணம் ஆலைகளும் வேலையின்மையும். இதில் வியப்பேதுமில்லை, அவரவர் கண்ணாடி அவரவர்க்கு எனலாம். வியப்பு அடுத்ததில்தான் உள்ளது: அந்த வறியவர்கள் தம் வாயாலேயே சொன்னதாகப் பதிவான காரணங்களும் அதே திசையில் சாய்ந்திருந்தன. கேட்பவரின் உள்ளக்கிடக்கை, அவர் அறியாமலேயே, சொல்பவரின் நாவில் தொற்றிக்கொண்டது. 1929இல் வெளியான இக்கட்டுரையில் ரைஸ் இதனைத் தொற்றும் சார்பு என்றே அழைத்தார்.

அதே காலத்தில் சிகாகோ அருகிலுள்ள ஹாதோர்ன் தொழிற்சாலையில் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நேர்காணப்பட்டனர். தொடக்கத்தில் மேற்பார்வை, வேலைச்சூழல் பற்றிய குறித்த கேள்விகளே கேட்கப்பட்டன. தொழிலாளர்களோ கேட்டதை விட்டு வேறெதையோ பேசினர். 'வேறெதையோ' என்று ஒதுக்கப்பட்டதுதான் அவர்களுக்கு முக்கியம் என்பது மெல்லப் புலனானது. கேள்விப் பட்டியல் கைவிடப்பட்டது. நேர்காணலாளர் பேசாமல் கேட்கப் பழக்கப்பட்டார். அரை மணி நேரத்தில் முடிந்த நேர்காணல் ஒன்றரை மணி நேரமாக நீண்டது. இதனை ஒரு பெரும் கண்டுபிடிப்பாகப் பாடநூல்கள் போற்றுகின்றன. கேள்வி கேட்டவர் முதலாளியின் ஊழியர் என்பதையும், மனக்குறையைப் பேசித் தீர்த்துவிட்டால் சங்கம் வைக்கத் தேவையிராது என்னும் கணக்கு அதன் பின்னே இருந்திருக்கலாம் என்பதையும் நாம் சேர்த்தே படிக்கவேண்டும்.

இவ்விடத்தில் நம் சொந்த அறிவு மரபை நினைவுகூர்தல் பொருந்தும். ஏறத்தாழ 1030இல் அல்பீரூனீ இந்தியாவைப் பற்றி எழுதிய பெருநூல், எந்த நாட்டையும் வருணித்துத் தொடங்கவில்லை. கண்ணால் காண்பதற்கும் பிறர் சொல்லக் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்தே தொடங்குகின்றது. காட்சி உறுதியானது, ஆனால் அது காணும் நொடியோடு முடிந்துவிடும். செய்தியோ சென்ற காலத்தையும் தொலைவிலுள்ளதையும் எட்டும்; ஆனால் சொல்பவரின் குறைகள் அனைத்தும் அதில் படியும். தன்னலம், தன் குலத்தின் மீதான பற்று, பிறர் மீதான பகை, அச்சம், அறியாமை என்று பொய் பிறக்கும் வாயில்களை அவர் வகைப்படுத்துகின்றார். பொய்யனிடமிருந்து கேட்டதை அப்படியே நம்பிச் சொல்லும் நல்லவரையும் அவர் மறக்கவில்லை. சமஸ்கிருதம் கற்று, பண்டிதர்களிடம் கேட்டு எழுதிய ஒருவர், தம் நூலின் வாசலிலேயே தம் தகவலாளர்களைப் பற்றிய இந்த எச்சரிக்கையை வைத்தார். இப்னு கல்தூனும் தம் முகத்திமாவின் தொடக்கத்தில், கட்சிப் பற்றும், பெரியோரைப் புகழ்ந்து நெருங்கும் ஆசையும், சமூக நிலைமைகளை அறியாமையும் செய்திகளைக் கெடுப்பதை விரித்துரைத்துள்ளார்.

ஹதீஸ் கலை வேறு, சமூக ஆய்வு வேறு. இரண்டையும் ஒன்றெனச் சொல்வது இரண்டுக்கும் நீதியாகாது. முஹத்திஸ்கள் தேடியது சொல்லப்பட்ட சொல்லின் உறுதி. சமூக ஆய்வாளர் தேடுவது பெரும்பாலும் சொல்பவரின் உலகம். அவர் தவறாகச் சொன்னாலும் அத்தவறும் ஆய்வாளருக்குப் பொருளாகும். எனினும் ஒழுங்குமுறையில் கற்றுக்கொள்ள வேண்டியவை உள. ஒரே ஒரு ஹதீஸைச் செவியுற ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) ஒரு மாதப் பயணம் மேற்கொண்டார்கள். கேட்டவரிடமிருந்து நேரே கேட்பதன் மதிப்பு அத்தகையது. ஆசிரியர் சொல்ல மாணவர் செவியுறுவது ஒரு வழி என்றால், மாணவர் தாம் எழுதியதை ஆசிரியரிடமே படித்துக்காட்டி ஒப்புதல் பெறுவது மற்றொரு வழி. எவ்வழியில் பெற்றார் என்பதை வேறுபடுத்திக் காட்டத் தனித்தனிச் சொற்களும் இருந்தன. இன்றைய ஆய்வுமுறை நூல்கள், நேர்காணல் எழுத்துவடிவத்தைத் தகவலாளரிடமே காட்டிச் சரிபார்க்கச் சொல்வதை ஒரு புதுமை போலப் பேசுகின்றன. இடையிலுள்ள அறிவிப்பாளரை மறைத்துவிட்டு நேரே கேட்டதுபோல் தோன்றச் செய்வதை முஹத்திஸ்கள் 'தத்லீஸ்' எனக் கண்டித்தனர். "மீனவர்கள் இவ்வாறு கருதுகின்றனர்" என்று ஆய்வேடுகளில் காணும் வாக்கியம் என்னைப் பொறுத்தவரை தத்லீஸின் ஒரு வகையே. எந்த மீனவர்? படகுடையவரா, பங்குக்குப் போகிறவரா? எத்தனை பேர்? சங்கத் தலைவர் ஒருவர் சொன்னது 'மீனவர்கள்' ஆனது எப்படி?

இந்த வினா காசிமேட்டில் வெறும் முறையியல் வினாவன்று. ஒரே கடலில் விசைப்படகும் ஃபைபர் படகும் தொழில் செய்கின்றன. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையுள்ள பகுதியைப் பாரம்பரியப் படகுகளுக்கு ஒதுக்கியது. அந்தக் கோடு கடலில் எங்கும் வரையப்பட்டிருக்கவில்லை. 'மீன் ஏன் குறைந்தது?' என விசைப்படகு உடைமையாளரைக் கேட்டால் ஆலைக் கழிவும் துறைமுகங்களும் காரணமாகும். சிறுபடகு மீனவரைக் கேட்டால் இழுவலையும் சுருக்குமடியும் காரணமாகும். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரில் ஒருவரை மட்டும் கேட்ட ஆய்வாளரின் நூலே பொய்யாகிவிடும்.

மார்ட்டன் பாவிங்க் என்னும் நெதர்லாந்து அறிஞர் இதனை நன்குணர்ந்தவர். சோழமண்டலக் கரையின் வடபகுதியில் 1990களில் களப்பணியாற்றி, 2001இல் வெளியிட்ட நூலில், ஒரே கடலுக்கு மூவர் உரிமை கொண்டாடுவதை அவர் காட்டினார்: பாரம்பரிய மீனவரின் ஊர்ப் பஞ்சாயத்து, விசைப்படகினரின் அமைப்புகள், அரசின் மீன்வளத்துறை. எந்த வலையை அனுமதிப்பது, எதைத் தடுப்பது, பிடிபட்ட படகை எப்படி விடுவிப்பது என்பன பற்றி ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தெளிவான விதிகள் இருந்தன; ஆனால் அவை எந்த அரசிதழிலும் அச்சாகவில்லை. எழுதப்படாத சட்டத்தைக் கேட்டுத்தான் அறியமுடியும். நேர்காணலுக்கு மாற்று இல்லாத இடம் அதுவே. அதோடு அவர் மூன்று தரப்பையும் கேட்டார். ஒரு தரப்பு மற்றொன்றைப் பற்றிச் சொன்னதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழ் முஸ்லிம்களுக்கு நன்கு அறிமுகமான மற்றொரு பெயர் மாட்டிசன் மைன்ஸ். 1960களின் பிற்பகுதியில் பல்லாவரத்தில் தங்கி, ராவுத்தர், லெப்பை, மரைக்காயர், காயலர் ஆகியோரின் வணிக வாழ்வை ஆராய்ந்து 1972இல் நூலாக்கிய அமெரிக்க மானிடவியலாளர் இவர். பின்னர் இராயபுரத்தை அடுத்துள்ள ஜார்ஜ் டவுனில் பலரின் வாழ்க்கைக் கதைகளைப் பொறுமையாகக் கேட்டு, 1994இல் வேறொரு நூல் எழுதினார். இந்தியச் சமூகத்தில் குலமும் குடும்பமும் உண்டு, தனிமனிதன் என்னும் உணர்வு இல்லை என்று லூயி துய்மோன் போன்ற பேரறிஞர்கள் கருதிவந்த காலம் அது. மைன்ஸ் கண்டது வேறு. பொது அவையில் ஒருவர் குடும்ப மானம், குலக் கடமை என்றே பேசுவார். நம்பிக்கை ஏற்பட்டபின் தனியே அமர்ந்து பேசும்போது, தம் ஆசைகளையும் தாம் எடுத்த முடிவுகளையும் அவற்றுக்குத் தந்த விலையையும் சொல்வார். கேள்வி மாறவில்லை, கேட்ட இடமும் பழக்கத்தின் ஆழமும் மாறின. ஒரு கோட்பாட்டையே அசைக்கும் ஆற்றல் நீண்ட நேர்காணலுக்கு உண்டு என்பதற்கு இதைவிட அண்மையான சான்று நமக்குக் கிடைக்காது.

நினைவைப் பற்றி இங்கு ஒரு சொல். நேர்காணலைக் குறைகூறுவோர் முதலில் எழுப்பும் எதிர்ப்பு, மனித நினைவு பிழைபடும் என்பதே. உண்மைதான். இத்தாலியில் தெர்னி என்னும் எஃகு ஆலை நகரில் லூயிஜி த்ராஸ்துல்லி என்னும் இளந்தொழிலாளி 1949இல், நேட்டோ உடன்படிக்கைக்கு எதிரான போராட்டத்தில் காவல்துறையினரால் கொல்லப்பட்டார். பல்லாண்டுகள் கழித்து அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி அந்நகரத்துத் தொழிலாளரைக் கேட்டபோது, பலரும் அம்மரணத்தை 1953இன் பெரும் ஆட்குறைப்புப் போராட்டத்தோடு இணைத்தே சொன்னார்கள். ஆவணம் அவர்களைத் தவறு என்றது. போர்த்தெல்லி அத்தோடு நின்றுவிடாமல், இத்தனை பேரும் ஒரே திசையில் ஏன் தவறுகின்றனர் என்று கேட்டார். தோழனின் சாவுக்குத் தாம் ஒன்றும் செய்யாமல் இருந்தோம் என்னும் வேதனையைத் தாங்க இயலாத நினைவு, அச்சாவைத் தாம் எதிர்த்துப் போராடிய நாளுக்கு நகர்த்திவிட்டது என அவர் விளக்கினார்.

ஆனால் ஆவணமே எப்போதும் சரி, நினைவே எப்போதும் பிழை என்றும் கொள்ளவியலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டதிலிருந்து, கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் தடுக்கப்பட்டு, தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. கடலை அண்டிய குப்பங்களில், "எங்க வீடு இருந்த எடம் அதோ, அந்த அலைக்கு அப்பால" என்று கை நீட்டுவோர் இன்றும் உண்டு. பழைய நில வரைபடங்களோடு ஒப்பிட்டால் அந்தக் கை காட்டும் இடத்தை ஏறத்தாழ உறுதி செய்யலாம். எண்ணூர்க் கழிமுகத்தில் நிலைமை தலைகீழானது. 1996ஆம் ஆண்டின் கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் காணப்பட்ட நீர்ப்பரப்பு பின்னொரு வரைபடத்தில் காணாமற்போனது 2017இல் பெரும் சர்ச்சையாயிற்று. தினமும் அந்நீரில் இறால் பிடிப்பவரின் வாய்மொழியே அங்கே நம்பத்தக்க ஆவணம்.

அதே 2017, ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்னும் இரு கப்பல்கள் மோதின. எண்ணெய்க் கசிவு இல்லை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. கரையில் கருங்குழம்பு ஒதுங்கி, இளைஞர்கள் வாளியால் அள்ளத் தொடங்கியபோது அவ்வறிவிப்பு தானே மறைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழியைக் கருமையாக்கியது. இவ்விரு நிகழ்வுகளின்போதும் யாருக்கு எவ்வளவு இழப்பு என்னும் கணக்கெடுப்பு வினா எழுந்தது. பதிவு செய்த படகு உடையவரைக் கணக்கிடுவது எளிது. வலை பின்னுபவர், ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், கருவாடு காயவைப்பவர், ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண்கள் ஆகியோர் எந்தக் கட்டத்தில் வருவர்? "நீங்கள் மீனவரா?" என்று கேட்டால் அப்பெண்களுள் பலர் தம் கணவரைக் கைகாட்டுவர். "மீன் வராததால் உங்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவர். கேள்வியின் அமைப்பே இங்கு ஒரு குடும்பத்தின் அரிசியைத் தீர்மானிக்கின்றது.

ஆகவே நேர்காணலாளர் முதலில் வெல்லவேண்டியது தம் படிவத்தை. என் மாணவப் பருவத்தில் நாற்பது கேள்விகளோடு முதன்முறை காசிமேட்டுக்குச் சென்றேன். ஞாயிற்றுக்கிழமை, ஏலம் உச்சத்தில் இருந்த விடியல் நேரம். அந்த நேரத்தில் அங்கே யாருக்கும் என்னோடு பேச ஒரு நொடியும் இருக்கவில்லை. அதை அறியாமல் சென்றதே என் முதல் பிழை. வலை சரிபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். "எழுதிக்கினு போயி இன்னா பாய் பண்ணப் போறீங்க? சுனாமி அன்னிக்கிலேர்ந்து எழுதிக்கினுதான் போறாங்க" என்றார். 2004 டிசம்பர் 26க்குப் பின் இக்கரையில் நோட்டுடன் வந்திறங்கியோர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கே இல்லை. இறந்தவர் பற்றியும் இழந்தது பற்றியும் ஒரே வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டனர். திருவொற்றியூர் கார்கில் நகர்த் தற்காலிகக் குடியிருப்புகளில் தங்கியிருந்தோரும் அதற்குத் தப்பவில்லை. கேட்டதன் பலனை அவர்களுள் பெரும்பாலோர் கண்டதில்லை. அப்பெரியவரின் கேள்விக்கு என்னிடம் அன்று விடை இல்லை. கேள்விப் பட்டியலை மடித்துவைத்துவிட்டு அருகில் அமர்ந்தேன். நான் மீண்டும் அங்கே கேள்வி கேட்கப் பல வாரங்களாயின.

மற்றொரு சிக்கல் நம்பி ஒப்படைக்கப்படும் செய்தி. அனுமதித்த அளவுக்கு மேற்பட்ட குதிரைத்திறன் கொண்ட இயந்திரம், கரைக்கு மிக அருகே இழுத்த இழுவலை, தமிழகத்தில் 2000இல் தடை செய்யப்பட்ட சுருக்குமடி ஆகியன பற்றிப் பேச்சுவாக்கில் பலர் சொல்வர். சொல்பவர் நம்மை வீட்டு விருந்தாளியாக எண்ணிச் சொல்கின்றார். ஆய்வேட்டில் படகின் பெயரோ எண்ணோ இடம்பெற்றால் அது அவருக்கெதிரான சாட்சியமாகிவிடும். பெயரை மாற்றினால் போதும் என்பது மேலோட்டமான பாதுகாப்பு. ஊர் சிறியது, 'இரு மகன்களை இழந்த, முன்னாள் சங்கச் செயலாளரான முதியவர்' என்று எழுதினால் பெயர் எதற்கு? அமானிதம் என்னும் சொல்லின் பொருளை அறிந்தவர்க்கு இதனை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. ஒலிப்பதிவுக் கருவியை அணைக்கச் சொன்னால் அணைப்பதும், அணைத்தபின் கேட்டதை நினைவிலிருந்து எழுதி அச்சேற்றாமலிருப்பதும் இதில் அடங்கும். பின்னதைப் பலர் கடைப்பிடிப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மொழியையும் கவனிக்கவேண்டும். வடசென்னைப் பேச்சை நாம் செந்தமிழில் பெயர்த்து எழுதுகின்றோம். பின் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து ஆய்வேடாக்குகின்றோம். இரண்டு பெயர்ப்புகளிலும் எதையோ இழக்கின்றோம். "கடல் செத்துப்போச்சு" என்று ஒருவர் சொன்னதை "மீன்வளம் குறைந்துள்ளது" என்று எழுதும் ஆய்வாளர் தவறான தகவல் எதையும் தரவில்லை. ஆனால் சொன்னவர் கடலைத் தாயாக எண்ணிப் பேசினாரா, கடன்காரனாக எண்ணிப் பேசினாரா என்பது அவ்வாக்கியத்தில் அழிந்துபோகின்றது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அவர்களிடம் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. வாடை, கொண்டல், கச்சான் என்பவற்றை அகராதியைப் பார்த்துத் திசையாக மாற்றாமல், எந்த மாதத்தில், எந்த மீனோடு, எந்த வலையோடு அச்சொல் வருகின்றது என்று அவர்களையே கேட்டு எழுதுவது நல்லது.

எழுதியதைத் திரும்பப் படித்துக்காட்டும் பழைய வழக்கத்தை நான் பின்னாளில் கைக்கொண்டேன். மீன் விற்கும் மூதாட்டி ஒருவரிடம், நான் குறித்திருந்ததை அவர் வாசற்படியில் அமர்ந்து படித்துக் காட்டினேன். 'கணவர் பிடித்துவரும் மீனை விற்பவர்' என்னும் இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். "அவரு புடிச்ச மீனா? அவரு போயி பதினெட்டு வருசமாச்சு தம்பி. அவரு இருந்தப்பவும் நான்தான் கடன வாங்கி ஏலத்துல எடுத்தேன். அத எழுது." படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அடித்துவிட்டு, தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன்.